காலியாக இருந்த முதல் வரி

(ஆய்வு மாணவர்களுக்கான மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னை அறிமுகப்படுத்திய தோழர், 'சமூக வலைதளங்களில் சாதிக்கு எதிராகத் துணிச்சலாக எழுதி வருபவர்' என்று சொன்னார். அன்போடு சொன்னார், நன்றி. ஆனால் அந்தத் 'துணிச்சலாக' என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்குக் கூச்சமாகிவிட்டது. தயாரித்து வந்த குறிப்புகளை மடித்து வைத்துவிட்டு அந்தச் சொல்லைப் பற்றியே பேசிவிடலாம் என்று நினைக்கிறேன். எனக்கு அந்தச் சொல் முழுதாகப் பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதை நேர்மையாகச் சொன்னால், வேலை தேடும் வயதில் இருக்கிற உங்களுக்கும் அது பயன்படலாம்.

இங்கே இருப்பவர்களில் பாதிப் பேராவது என் நிலையில்தான் இருப்பீர்கள். ஐந்தாண்டு ஃபெல்லோஷிப் முடிந்துவிட்டது, அல்லது முடியப்போகிறது. ஆய்வேடு கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. வீட்டில், 'எப்பதான் வேலைக்குப் போவ?' என்று கேட்கிறார்கள். காலிப்பணியிட அறிவிப்பு எங்கே வந்தாலும் விண்ணப்பிக்கிறோம். இன்னொரு பக்கம் நமக்கு ஒரு முகமும் இருக்கிறது. எழுதுகிறோம், பேசுகிறோம், நம் படம் போட்ட அழைப்பிதழ் வருகிறது. இந்த இரண்டும் ஒன்றையொன்று இடிக்கின்றன. எப்போது வெளியே தெரிவது, எப்போது ஒதுங்கி நிற்பது என்று தினமும் கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கைப் பற்றி நாம் வெளியே பேசுவதே இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மறைந்திருப்பது கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரட்டைமலை சீனிவாசன் தன் வாழ்க்கைக் குறிப்பில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைச் சொல்கிறார். பள்ளியில் கிட்டத்தட்ட எல்லோரும் பிராமண மாணவர்கள். யாரோடாவது பழகினால் 'எந்த ஊர், எந்தத் தெரு' என்று கேட்பார்கள், சாதி தெரிந்துவிடும் என்று அஞ்சி, மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியிலேயே எங்காவது உட்கார்ந்து படிப்பாராம். மணி அடித்த பிறகு உள்ளே போவாராம். அதே மனிதர்தான் 1893இல் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கி, அதற்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். எந்தச் சொல் யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்று பயந்தாரோ, அதையே பத்திரிகையின் தலைப்பில் அச்சடித்தார். அந்தக் காலத்தில்தான் பறையர் மகாஜன சபையையும் கட்டினார். மணிக்காகக் காத்திருந்த சிறுவன் தனியாக இருந்தான். பத்திரிகை ஆசிரியருக்குப் பின்னால் ஒரு கூட்டம் இருந்தது.

அண்ணல் அம்பேத்கர் கதை உங்களுக்குத் தெரியும். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசுப் பணிக்கு வருகிறார். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில், பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதித் தங்குகிறார். பதினோராவது நாள் ஒரு கும்பல் தடியோடு வந்து அவரை வெளியேற்றுகிறது. பெயரை மாற்றி எழுதினேன் என்பதைப் பின்னாளில் அவரே எழுதினார். ஒரு படுக்கைக்காக மறைந்தார். இதில் அவர் வெட்கப்பட என்ன இருக்கிறது? வெட்கப்பட வேண்டியவர்கள் தடியோடு வந்தவர்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1927இல், மகாடில் ஆயிரக்கணக்கான மக்களை அழைத்துக்கொண்டு பொதுக்குளத்துக்கு நடந்தபோது அவர்தான் முன்னால் போய்த் தண்ணீரை அள்ளினார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனக்கு ஒரு படுக்கை தேவைப்பட்டபோது பெயரை மறைத்தார். மற்றவர்களுக்குத் தண்ணீர் தேவைப்பட்டபோது முன்னால் நின்றார். நான் செய்தது இதற்கு நேர்மாறானது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நம்முடைய ஊரில் இன்னொரு வசதி உண்டு. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிடத் தீர்மானம் போட்டார்கள். அதன் பலனை நாம் அனுபவிக்கிறோம். என் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதல் எழுத்து, அவ்வளவுதான். வட இந்தியத் தோழி ஒருத்தி, 'உன் பெயரை வாசித்தால் ஒன்றுமே தெரியாதே, கொடுத்து வைத்தவள்' என்பாள். அவளுக்குத் தெரியாது. இங்கே பெயரில் தெரியாததைக் கண்டுபிடிக்க வேறு கேள்விகள் இருக்கின்றன. 'சொந்த ஊர் எது?' 'ஊருக்குள்ளயா, தள்ளியா?' 'குலதெய்வம் எங்க?' 'வீட்டுல என்ன கறி எடுப்பீங்க?' டீக்கடையில் இயல்பாகப் பேசுவது போலவே கேட்பார்கள். மூன்றாவது கேள்விக்குள் விடை கிடைத்துவிடும்.

சரி, நேர்காணலுக்கு வருவோம். ஒதுக்கீட்டு இடத்துக்கு விண்ணப்பிக்கிறவருக்கு மறைக்க எதுவும் இல்லை. சாதிச் சான்றிதழ் விண்ணப்பத்தோடு இருக்கிறது. குழுவில் இருப்பவர்களுக்கு நான் யார் என்று நான் கதவைத் திறப்பதற்கு முன்பே தெரியும். அப்படியானால் நான் எதை மறைத்துக்கொண்டிருந்தேன்? ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. நான் மறைத்தது சாதியை அல்ல. சாதியைப் பற்றிக் கேள்வி கேட்பேன் என்பதைத்தான் மறைத்தேன். 'இவள் அந்தப் பட்டியலில் இருப்பவள்தான், ஆனால் தொந்தரவு தராதவள்' என்று அவர்கள் நினைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அந்த ஆசை ஒன்றும் காரணமில்லாமல் வரவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளை எடுத்துப் பாருங்கள். உதவிப் பேராசிரியர் பணிக்கு நம் மதிப்பெண், நெட், ஆய்வுக் கட்டுரை எல்லாம் நேர்காணலுக்கு அழைக்கும் பட்டியலைத் தயாரிக்க மட்டும்தான். இறுதித் தேர்வு நேர்காணலை மட்டுமே வைத்து நடக்கும். பத்து வருடப் படிப்பு வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. உள்ளே பத்து நிமிடம். எதிரில் இருப்பவர்கள் யார்? நாம் போகிற கருத்தரங்குகளுக்கு வருபவர்கள், நம் ஆய்வேடுகளைத் திருத்துபவர்கள், ஒருவருக்கொருவர் தொலைபேசியில் பேசிக்கொள்பவர்கள். எதிர்த்துப் பேசுகிறவர் என்ற பெயர் ஓரிடத்தில் விழுந்தால் நான்கு இடங்களுக்குப் போகும். எல்லாம் முடிந்தபின், ஒதுக்கீட்டு இடத்துக்கு நேராக 'தகுதியானவர் எவரும் இல்லை' என்று எழுதி மூடிவிடவும் அவர்களால் முடியும். அதனால்தான் நமக்குப் பயம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, இந்த ஏற்பாடு அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

இப்போது அந்தக் கதைக்கு வருகிறேன். சம்பந்தப்பட்ட தங்கையிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். பெயர் வேண்டாம், இடம் வேண்டாம் என்றாள்.

என் துறையில் எனக்கு இளையவள். அவளுடைய நெறியாளர் மாதக்கணக்கில் ஃபெல்லோஷிப் தாள்களில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தார். அறைக்கு வெளியே நிற்க வைப்பார். 'உங்களுக்கெல்லாம்தான் கவர்மென்ட் பணம் தருதே, அப்புறம் என்ன அவசரம்?' என்று மற்ற மாணவர்கள் முன்னால் கேட்டார். ஹாஸ்டல் மெஸ் பாக்கி ஏறியது. அவள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு மனு எழுதினாள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை நூலக வாசலில் என்னிடம் வந்தாள்.

'அக்கா, பதினோரு பேர் போடுறேன்னு சொல்லிட்டாங்க. நீங்கதான் சீனியர். நீங்க மொத ஆளா போட்டா மத்தவங்களுக்குத் தைரியமா இருக்கும். திங்கக்கிழமை குடுக்கணும்.'

எனக்கு வேறொரு ஊரில் மூன்று வாரத்தில் நேர்காணல் இருந்தது. அந்தக் குழுவுக்கு வரக்கூடும் என்று பேசப்பட்ட ஒருவர், இவளுடைய நெறியாளருக்கு நெருக்கமானவர். இந்தக் கணக்கு என் மண்டையில் ஓடி முடிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. 'படிச்சிட்டுச் சொல்றேன்மா' என்றேன். மனுவைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். அறைக்குப் போனேன். சனிக்கிழமை எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் எதுவும் சொல்லவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை.

நேர்காணலுக்குப் போனேன். அந்தப் பணியிடத்துக்குத் 'தகுதியானவர் எவரும் இல்லை' என்று முடிவு வந்தது. என் மௌனத்துக்கு எந்த விலையும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் நான் செய்தது சரியாகிவிடாது. அதை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த ஜனவரி வந்தது. ஜனவரி 17, ரோகித் வெமுலா நினைவு நாள். 2016இல் ஹைதராபாத்தில் உதவித்தொகை நிறுத்தப்பட்டு, ஹாஸ்டலிலிருந்து வெளியேற்றப்பட்டு, நம்மைவிட்டுப் போன தோழர். அவரைப் பற்றி இரவெல்லாம் உட்கார்ந்து ஒரு நீண்ட பதிவு எழுதினேன். வளாகங்களில் நிலவும் மௌனத்தைப் பற்றி எழுதினேன். பக்கத்து அறையில் ஒருவர் ஒடுக்கப்படும்போது கதவைச் சாத்திக்கொள்பவர்களைப் பற்றி எழுதினேன். பொய்யாக எழுதவில்லை, அழுதுகொண்டே எழுதினேன். பதிவு பல இடங்களுக்குப் போனது. கூட்டங்களுக்கு அழைப்பு வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். இந்த மேடைக்கு நான் வந்த வழியும் அதுதான்.

அன்று இரவு அந்தத் தங்கையிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'நல்லா எழுதியிருக்கீங்க அக்கா.' அவ்வளவுதான். குத்திக்காட்டவில்லை. அவளுக்கு அது தெரியாது. என்னால் அந்தச் செய்திக்குப் பதில் போட முடியவில்லை.

பல மாதம் கழித்து, அவளுக்கு வேறு நெறியாளரை மாற்றிக் கொடுத்து, நின்றிருந்த பணமும் வந்தபின், அவளைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

'கையெழுத்துப் போடலன்னு கோவம் இல்லக்கா. எல்லாருக்கும் ஒரு கஷ்டம் இருக்கும். முடியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம். ஞாயித்துக்கிழமை ராத்திரி வரைக்கும் நம்பர் ஒண்ணை உங்களுக்காகக் காலியா வச்சிருந்தேன். அப்படியேதான் குடுத்தேன். ரெண்டுல இருந்து பன்னெண்டு வரைக்கும்தான் பேரு.'

தோழர்களே, அந்த மனு இன்னும் ஏதோ ஓர் அலுவலகக் கோப்பில் இருக்கும். முதல் வரி காலியாக இருக்கும். நான் எழுதிய பதிவுகளைவிட என்னைப் பற்றி உண்மையாகச் சொல்கிற ஆவணம் அதுதான்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? பாவமன்னிப்புக்காக இல்லை. அம்பேத்கர் மறைந்த இடத்தையும் வெளியே வந்த இடத்தையும் சொன்னேன் அல்லவா? நான் எனக்குப் பெயர் கிடைக்கிற இடத்தில் வெளியே வந்தேன். இன்னொருத்திக்குத் துணை தேவைப்பட்ட இடத்தில் மறைந்தேன். தூரத்தில் நடந்த அநீதியைப் பற்றிச் சத்தமாகப் பேசினேன். கைக்கெட்டும் தூரத்தில் நடந்ததைப் பற்றிப் 'படிச்சிட்டுச் சொல்றேன்' என்றேன். நம்மில் பலர் இந்தப் பழக்கத்துக்கு வந்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் அம்மா சத்துணவு மையத்தில் உதவியாளர். அவர் சொல்வார், 'மொதல்ல வேலைய வாங்கு. அப்புறம் எவன வேணா கேளு.' அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. வேலைக்குப் போட்டி போடுவது சுயநலம் என்று யாரும் உங்களைக் குற்றவாளியாக்க வேண்டாம். அந்த இடங்கள் யாரும் போட்ட பிச்சை அல்ல, நம் உரிமை. ஆனால் அம்மா சொல்கிற அந்த 'அப்புறம்' எப்போது வரும்? வேலை கிடைத்தால் தகுதிகாண் பருவம். அது முடிந்தால் பதவி உயர்வு. அது முடிந்தால் துறைத் தலைவர் பொறுப்பு. 'அப்புறம்' தள்ளிக்கொண்டே போகும். ஓய்வு பெறும் நாளில் சால்வை போர்த்திக்கொண்டு சமூகநீதி பற்றிப் பேசுவோம்.

இன்னொன்று. நாம் விண்ணப்பிக்கிற அந்தப் பணியிடம் எப்படி வந்தது? 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், ஒதுக்கீட்டைப் பல்கலைக்கழகம் முழுமைக்கும் கணக்கிடாமல் துறை துறையாகக் கணக்கிட வேண்டும் என்றது. 2018 மார்ச்சில் மானியக் குழு அதை உத்தரவாக்கியது. 13 புள்ளி இனச்சுழற்சி என்று படித்திருப்பீர்கள். அந்தக் கணக்கில் பட்டியல் சாதிக்கு ஏழாவது இடம், பழங்குடியினருக்குப் பதினான்காவது இடம். ஆறு பேர் மட்டுமே இருக்கிற சின்னத் துறையில் நம் முறை எளிதில் வராது. நாடு முழுக்க ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் தெருவுக்கு வந்தார்கள். 2019இல் முதலில் அவசரச் சட்டம், பிறகு சட்டம் வந்து பழைய முறை மீண்டது. அன்று தெருவில் நின்றவர்களுக்கும் நேர்காணல் இருந்திருக்கும். அவர்கள் முகம் காட்டியதால்தான் எனக்கு விண்ணப்பிக்க ஓர் இடம் இருக்கிறது. அவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அடுத்து, நாற்காலி விஷயம். கருத்தரங்குக்குக் கூப்பிடுகிறார்கள். 'உங்க தரப்பிலிருந்து ஒரு குரல்' என்கிறார்கள். ஆறு பேர் பேசும் மேடையில் நமக்கு ஒரே ஒரு நாற்காலி. அந்த ஒன்றுக்கு நாம் நமக்குள் அடித்துக்கொள்கிறோம். ஒரு முறை ஏற்பாட்டாளர் என்னிடம், 'இந்தத் தலைப்பில் இன்னொருவர் பெயர் சொல்ல முடியுமா?' என்று கேட்டார். எனக்கு மூன்று பேரைத் தெரியும். அதில் ஒருவர் என்னைவிட நன்றாகப் பேசுவார். 'சட்டென்று ஞாபகம் வரலையே' என்றேன். சின்ன விஷயம்தான். ஆனால் ஒரே நாற்காலி போட்டவர்களிடம் 'ஏன் ஒன்று?' என்று கேட்காமல், பக்கத்தில் நின்ற தோழரை நானே தள்ளிவிட்டேன். அந்த ஒற்றை நாற்காலியில் ஓர் அருந்ததியரோ புதிரை வண்ணாரோ உட்கார்ந்து எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? நம் வீட்டுக்குள்ளேயும் வெளிச்சம் சமமாக விழவில்லை.

சரி, என்ன செய்வது? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

ஒருவர் தன் சாதியை வெளியே சொல்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு. அவரிடம் கேட்காமல், 'இவரும் நம்மாளுதான்' என்று மேடையிலோ பதிவிலோ இழுத்துவிடாதீர்கள். அவருக்கு வாடகை வீடு இருக்கும், அவர் குழந்தை பள்ளிக்கூடத்தில் இருக்கும். அந்த விலையை நாம் கொடுக்கப்போவதில்லை.

கையெழுத்துப் போட முடியாத நிலை வரும். வந்தால், 'முடியாது' என்று அன்றைக்கே சொல்லுங்கள். கேட்டவர் வேறு ஆளைத் தேடிக்கொள்வார். சொல்லிவிட்டுக் கையை உதறிக்கொண்டு போகாதீர்கள். பெயர் தெரியாமல் செய்ய எவ்வளவோ வேலை இருக்கிறது. மனுவை அடித்துக் கொடுக்கலாம். சம வாய்ப்பு மையமும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன, அதை அச்செடுத்து மனுவோடு இணைக்கலாம். அலுவலகத்துக்குத் துணைக்குப் போகலாம். மெஸ் பாக்கியைக் கட்டலாம். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் இனச்சுழற்சிப் பதிவேட்டைக் கேட்கலாம். வளாகத்துக்குள் இருப்பவர் பெயரில் கேட்கப் பயமாக இருந்தால், வெளியே இருக்கிற ஒரு தோழர் பெயரில் கேட்கலாம்.

வேலை நிரந்தரமாகிவிட்ட அண்ணன்கள், அக்காக்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். உரிமையோடு கேட்கிறேன். மனுவின் முதல் வரி உங்களுக்கானது. ஃபெல்லோஷிப்பை நம்பிச் சாப்பிடுகிற பிள்ளையை முன்னால் நிறுத்திவிட்டு நாம் பின்னால் நின்று வாழ்த்தக் கூடாது.

மேடைக்குக் கூப்பிட்டால் இரண்டாவது நாற்காலியைக் கேளுங்கள். இல்லை என்றால் இரண்டு பெயராவது சொல்லுங்கள்.

பதிவு போடுங்கள். தாராளமாகப் போடுங்கள். போடுவதற்கு முன் ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இதனால் எனக்கு ஏதாவது இழப்பு உண்டா? இல்லை என்றால் பரவாயில்லை, போடலாம். நல்ல எழுத்துக்கு எப்போதும் தேவை இருக்கிறது. ஆனால் அதற்குத் துணிச்சல் என்று பெயர் வைக்க வேண்டாம்.

போன மாதம் ஹாஸ்டலில் ஒரு பிரச்சினைக்காக மனு போட்டார்கள். நான் கையெழுத்துப் போட்டேன், முதல் வரியில். கை நடுங்கியது. அடுத்த மாதம் எனக்கு ஒரு நேர்காணல் இருக்கிறது, வேலை எனக்கு மிகவும் தேவை. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கீழே இருபத்துமூன்று பெயர்கள் இருக்கின்றன. நான்காவதாக இருப்பது அந்தத் தங்கையின் பெயர்.

அறிமுகம் செய்த தோழரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை 'எழுதி வருபவர்' என்று மட்டும் சொல்லுங்கள். அந்த இன்னொரு சொல்லை அவளுக்கு வைத்திருங்கள்.